ரோட்டுக்கு எத்தனை மார்க்

"உங்க மலைக்காரங்களுக்கு வலியே எடுக்காதா, விதாத்?"

தொலைபேசியில் நாஜியா மதாம் இதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. மாவட்ட மருத்துவமனையின் மருந்தகத்தை இருபது வருடமாக நடத்துகிறவர் அவர். கிண்டல் அவருக்கு வராது. கையில் இருந்த தாளைப் பார்த்துத்தான் கேட்டார். அந்தத் தாளை அனுப்பியவளே விதாத்தான்.

ஒன்பது ஆம்புலன்ஸ் நிலையங்கள், ஐந்து பெட்டிகள். அதுதான் விஷயம். டாக்டர் இல்லாமல் நர்ஸும் ஓட்டுநரும் மட்டும் போகிற வண்டிகளுக்கு முதன்முறையாக ஒரு பலமான வலி மருந்தைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கப் போகிறார்கள். எந்த மருந்து, எந்த ஐந்து நிலையங்களுக்கு என்பதை வியாழக்கிழமை நகரத்தில் கூடும் குழு முடிவு செய்யும். அதற்காக ஒவ்வொரு நிலையமும் தன் நோயாளிகள் சொன்ன வலி எண்களை அனுப்ப வேண்டும். கடைசி நாள் புதன். விதாத் ஞாயிற்றுக்கிழமையே அனுப்பிவிட்டாள். அனுப்பும் முன் சராசரி எடுத்துப் பார்த்திருக்கலாம். எடுக்கவில்லை. குழுவே எடுத்துக்கொள்ளட்டும், நான் எடுத்தால் எங்கேயாவது தப்பு வரும் என்று விட்டுவிட்டாள்.

"நூத்தி நாப்பத்து மூணு பேர். சராசரி பத்துக்கு ரெண்டு," என்றார் நாஜியா மதாம். "ஒன்பது நிலையமும் அனுப்பியாச்சு, அதுல உங்களோடதுதான் கடைசி. தொடை எலும்பு முறிஞ்சவங்க பதினோரு பேரு இருக்காங்க. அவங்களுக்கும் ஒண்ணு, ரெண்டுன்னுதான் போட்டிருக்க."

"ஒவ்வொருத்தரையும் கேட்டுத்தான் எழுதினேன், மதாம்."

"அதுல எனக்குச் சந்தேகமே இல்லம்மா. அதான் சொல்றேன், உங்க ஊருக்குப் பாராசிட்டமாலே போதும்போல."

தொலைபேசியை வைத்ததும் விதாத் தன் கட்டம் போட்ட நோட்டை எடுத்து மேலிருந்து கீழாகக் கூட்டினாள். பிறகு கீழிருந்து மேலாக. பிறகு பத்துப் பத்தாகப் பிரித்து. விடை மாறவே இல்லை.

பதினோரு மாத நோட்டு அது. தேதி, இடம், வயது, என்ன அடி, நாடித்துடிப்பு, படுக்கைக்கு மாற்ற எத்தனை நிமிடம் ஆனது, வலி எத்தனை, என்ன கொடுத்தோம். "பூஜ்யம்னா வலியே இல்லை, பத்துன்னா தாங்கவே முடியலை, உங்களுக்கு எத்தனை?" என்று ஒருவரையும் விடாமல் கேட்டிருக்கிறாள். மார்ச் மாதம் தோள் மூட்டு நழுவிய ஆட்டுக்காரர் ஒருவர் தன் கம்பளி அங்கியின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டே "ஒண்ணு" என்றார். அவள் ஒன்று என்று எழுதினாள். அவர் சொன்னதை விட்டுவிட்டு நான் நினைப்பதை எழுதினால் அது என்ன கணக்கு என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கு அந்த ஒன்றின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விதாத் நர்ஸாக இருக்கும் ஐன் ரீஹான் நிலையத்திலிருந்து அறுவை மருத்துவர் இருக்கிற நகரத்துக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். கணவாய் வரைக்கும் ரோடு என்று சொல்ல ஏதோ இருக்கிறது. அதற்கப்புறம் பள்ளங்களை எண்ணிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த ஒரு மணி நாற்பது நிமிடமும் பின்னால் உட்கார்ந்து நோயாளியின் முகத்தைப் பார்க்கிறவள் அவள். இந்த முறை பெட்டி கிடைக்காவிட்டால் அடுத்த பங்கீடு மூன்று வருடம் கழித்துத்தான்.

வெளியே மெஹ்ரேஸ் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடமாக இந்த மலையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். மூன்று வண்டிகளைத் தேய்த்து முடித்து நாலாவதில் இருக்கிறார்.

"என்ன தங்கச்சி, முகம் செத்துப் போயிருக்கு?"

அவள் சொன்னாள். அவர் துணியை உதறிவிட்டுச் சிரித்தார்.

"பத்துக்கு ரெண்டா! பாத்தியா நம்ம ஜனத்தை? இரும்பு! நகரத்துக்காரன் ஊசின்னாலே அம்மான்னு கத்துவான். பெருமையா சொல்லு, தலை நிமிர்ந்து சொல்லு."

"பெருமையா சொன்னா பெட்டி வராது, அண்ணே."

"அதுவும் சரிதான்," என்றார் மெஹ்ரேஸ், சிரிப்பை நிறுத்திவிட்டு.

அழைப்பு வந்தது அப்போதுதான். ஹென்ஷிர் ஸஃப்ஸாஃப் தோப்பில் ஆலிவ் பறிக்கும்போது ஏணியிலிருந்து ஒரு பெண் விழுந்துவிட்டாள்.

இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். மரத்தடியில் விரித்த பச்சை வலையில் பாதி பறித்த காய்கள் சிதறிக் கிடந்தன. அவற்றின் நடுவே முபாரகா மல்லாந்து கிடந்தாள். ஐம்பது வயதிருக்கும். இடது தொடை இருக்கக் கூடாத கோணத்தில் வளைந்திருந்தது. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர்: மகன், மருமகள், நாத்தனார், அடுத்த தோப்புக்காரர்கள். யாரோ அவள் தலைக்குக் கீழே ரொட்டி சுற்றி வந்த துணியை மடித்து வைத்திருந்தார்கள். காய்களைக் கிளையிலிருந்து உருவுவதற்காக விரல்களில் மாட்டியிருந்த ஆட்டுக் கொம்புகளை ஒருவரும் கழற்றியிருக்கவில்லை.

"லாபாஸ், சித்தி?" என்று கேட்டபடியே விதாத் மண்டியிட்டாள். எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்வி அது. கெடுதல் ஒன்றும் இல்லையே?

"லாபாஸ், ஹம்துலில்லா," என்றாள் முபாரகா. தொடை இரண்டாக முறிந்திருக்கிறது. கெடுதல் ஒன்றும் இல்லை, இறைவனுக்குப் புகழ்.

"வலி பத்துக்கு எத்தனை இருக்கும், சித்தி?"

முபாரகா மகனைப் பார்த்தாள். அவன் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. "ஒண்ணு," என்றாள். "மிஞ்சிப்போனா ஒண்ணரை. இறைவன் உயிரோட விட்டிருக்கான். தலையில அடி பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஆமா, ஆமா, ஹம்துலில்லா," என்று சுற்றி நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள்.

நாடி நூற்று இருபத்தாறு. நெற்றியெல்லாம் வியர்வை, அதுவும் நவம்பர் குளிரில். விதாத் காலை நேராக்கிக் கட்டையில் கட்டும்போது முபாரகா ஒரு சத்தமும் போடவில்லை. ஆனால் விரலில் இருந்த கொம்புகள் வலையைக் கிழித்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கின. பிறகு பார்த்தபோது வலையில் ஐந்து ஓட்டைகள், ஒரு கை விரலுக்கு ஒன்றாக. விதாத் கொம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மருமகளிடம் கொடுத்தாள். நோட்டை எடுத்து ஒன்றரை என்று எழுதப் போனாள். பேனா ஓடவில்லை.

சொட்டு மருந்தாகப் பாராசிட்டமால் ஏற்றினாள். கையில் இருந்தது அதுதான்.

வண்டிக் கதவைச் சாத்தினாள். மகன் முன்னால் மெஹ்ரேஸ் பக்கத்தில் ஏறிக்கொண்டான். தோப்பைவிட்டு வெளியே வந்து முதல் பள்ளத்தில் இறங்கியதும் முபாரகா மெல்லிய குரலில் கேட்டாள்: "கண்ணு, முன்னால இருக்கிறவங்களுக்கு இங்க பேசறது கேக்குமா?"

"கேக்காது சித்தி, நடுவுல கண்ணாடி இருக்கு."

முபாரகா அப்போதுதான் அழுதாள். பள்ளத்துக்குப் பள்ளம் அழுதாள். அழுதுகொண்டே ஹம்துலில்லா சொன்னாள்.

விதாத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி வலி எத்தனை என்று கேட்கலாமா என்று யோசித்தாள். கேட்டால் என்ன வரும் என்று இப்போது தெரிந்திருந்தது. வலியைப் பத்து என்று சொன்னால் கொடுத்தவன்மேல் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். இறைவனுக்கு நன்றி சொன்ன வாய் உடனே எப்படிப் பத்து என்று சொல்லும்? விதாத்தின் சொந்த அப்பா கல்லீரல் வீங்கிப் படுத்திருந்தபோதும் கேட்டவர்களுக்கெல்லாம் லாபாஸ் என்றுதானே சொன்னார்?

வண்டி தூக்கிப் போட்டது. முபாரகா பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்த ரோடு!" என்றாள்.

அதில் கோபம் இருந்தது. நல்ல, தயக்கமே இல்லாத கோபம்.

விதாத் குனிந்தாள். "சித்தி, உங்களை விடுங்க. இந்த ரோட்டுக்கு எத்தனை மார்க் போடுவீங்க? பூஜ்யம்னா பட்டுமாதிரி. பத்துன்னா இதைவிடக் கேவலமா ரோடே இருக்க முடியாது."

"இந்த ரோட்டுக்கா?" முபாரகாவுக்குக் குரல் வந்துவிட்டது. "இதைப் போட்டவன் வீடு இடிஞ்சு விழ! பத்துதான் இருக்கா? பத்துக்கு மேல இல்லையா? பத்து எழுது. அடிக்கோடு போட்டு எழுது!"

விதாத் அடிக்கோடு போட்டு எழுதினாள். நாடி நூற்று முப்பது. மெஹ்ரேஸ் வேகத்தைக் குறைத்துப் பள்ளத்தைச் சுற்றிப் போனார். கொஞ்சம் சமமான இடத்தில் மறுபடி கேட்டாள்.

"இப்ப ரோடு?"

"இப்ப ஏழு," என்றாள் முபாரகா, ஒரு வாத்தியார் மார்க் போடுவதுபோல யோசித்து.

நகரத்தில் அவளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் விதாத் விஷயத்தைச் சொன்னபோது, மெஹ்ரேஸ் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"பத்தா? என் வண்டியில வந்துட்டு ரோட்டுக்குப் பத்தா?"

"ரோட்டுக்குத்தான் அண்ணே. ஓட்டுநருக்கு இல்லை."

"குழுவுல இருக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? பதினெட்டு வருஷம், தங்கச்சி! பிரசவ வேதனையில இருந்தவ என் வண்டியில தூங்கியிருக்கா!"

"ஓட்டுநர் மிகத் திறமையானவர்னு மேலயே எழுதிடறேன்."

"எழுது. பெரிய எழுத்துல எழுது," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஆனால் விதாத்துக்கு அன்று மாலை முழுக்கச் சந்தேகம். ஒரே ஒரு ஆளை வைத்து எப்படிச் சொல்வது? அதைவிட மோசமான சந்தேகம் ஒன்றும் இருந்தது. ரோட்டைக் கேட்டால் இந்த மலையில் யார்தான் பத்து போட மாட்டார்கள்? கல்யாணத்துக்குப் போய் வந்தவனும் பத்து போடுவான். நான் பதிலை அவர்கள் வாயில் ஊட்டுகிறேனோ? வலியை அளக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பள்ளத்தை அளக்கிறேனோ?

அதனால் ஒரு வழி செய்தாள். நோட்டிலிருந்து அறுபது பேரைப் பொறுக்கினாள். முப்பது பேர் எலும்பு முறிந்தவர்கள், மூட்டு நழுவியவர்கள், நெருப்பில் வெந்தவர்கள். மற்ற முப்பது பேர் சின்னக் காயம், காய்ச்சல், மயக்கம் என்று வந்தவர்கள். எல்லோரும் போனது அதே ரோடு, அதே வண்டி. புதன்கிழமை முழுவதும் தொலைபேசியில் எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே வார்த்தைகளில் கேட்டாள். வார்த்தை மாறிவிடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி வைத்து வாசித்தாள்.

ஐம்பத்திரண்டு பேர் கிடைத்தார்கள். விரலை வெட்டிக்கொண்டு வந்த பள்ளிக்கூட ஆசிரியை, "ரோடா? ரெண்டு, மூணு இருக்கும். நான் பாதி வழி தூங்கிட்டேனே," என்றாள். மெஹ்ரேஸ் அதை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தோள் நழுவிய ஆட்டுக்காரரோ, "அந்த ரோட்டுல என் ஆட்டைக்கூட ஏத்த மாட்டேன்! பத்து!" என்று கத்தினார். பின்னால் ஆடுகளும் கத்தின. சின்னக் காயக்காரர்களின் சராசரி மூன்று. எலும்பு முறிந்தவர்களின் சராசரி எட்டரை.

வியாழக்கிழமை காலை குழு கூடிய அறையில் நீளமான மேசை, புதினா போட்ட தேநீர், ஒன்பது நிலையங்களின் நர்ஸுகள். தலைமையில் டாக்டர் ஷெத்லி, அவசரப் பிரிவின் தலைவர், சீக்கிரம் முடித்துவிட்டு எழுந்து போக வேண்டும் என்று எப்போதும் தோன்றுகிற மனிதர். அவருக்கு வலப்பக்கத்தில் தாள்களை அடுக்கிவைத்தபடி நாஜியா மதாம்.

ஐன் ரீஹான் என்று கூப்பிட்டதும் விதாத் எழுந்தாள். முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"நான் அனுப்பின எண்கள் எல்லாம் தப்பு, டாக்டர். நூத்தி நாப்பத்து மூணும் தப்பு. அவங்க சொன்னதைத்தான் எழுதினேன். ஆனா கேட்டது தப்பு."

அவள் முபாரகாவைப் பற்றிச் சொன்னாள். வலையில் விழுந்த ஐந்து ஓட்டைகளைச் சொன்னாள். ரோட்டுக் கேள்வியைச் சொன்னபோது மேசையின் கோடியில் யாரோ சிரித்தார்கள். சின்னக் காயக்காரர்களின் மூன்றையும் எலும்பு முறிந்தவர்களின் எட்டரையையும் சொன்னாள். வலி ஒன்று என்று எழுதியவர்களின் நாடித்துடிப்பு அதே வரியில் நூற்று இருபதுக்கு மேல் இருப்பதைக் காட்டினாள்.

"போன மார்ச்சுல விழுந்தவரை இந்த நவம்பர்ல தொலைபேசியில கேட்டா அது சாட்சியா, விதாத்?" என்றார் நாஜியா மதாம். "மனுஷன் ஞாபகத்துல எல்லாம் ரெண்டு மடங்கு ஆயிரும். நாடியும் பயத்துல ஏறும்."

"அது உண்மைதான், மதாம்." அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்ததால் மறுக்கத் தோன்றவில்லை. "இங்கேயே யாரையாவது கேட்டுப் பாக்கலாம். நான் வேண்டாம். நீங்களே கேளுங்க. ஆளையும் நீங்களே தேர்ந்தெடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு பெரிய காரியத்தைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

நாஜியா மதாம் எழுந்தே விட்டார். டாக்டர் ஷெத்லி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கூடவே வந்தார். கீழ்த்தளத்து நடையில், எக்ஸ்ரே அறைக்கு வெளியே, தள்ளுவண்டிப் படுக்கையில் ஒரு முதியவர் படுத்திருந்தார். தலையில் சிவப்புத் தொப்பி, இடுப்புக்குக் கீழே போர்வை. பக்கத்தில் இரண்டு மகன்கள். கழுதையிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு விரிசல் என்று அட்டையில் எழுதியிருந்தது.

"லாபாஸ், ஹாஜி?" என்றார் நாஜியா மதாம்.

"லாபாஸ், மகளே, ஹம்துலில்லா. நீ லாபாஸா? வீட்ல எல்லாரும் லாபாஸா?"

"எல்லாரும் லாபாஸ். வலி பத்துக்கு எத்தனை இருக்கும், ஹாஜி?"

முதியவர் மகன்களைப் பார்த்தார். "ஒண்ணும் பெருசா இல்லம்மா. ஒரு ரெண்டு. என்னைவிடக் கஷ்டப்படறவங்க எவ்வளவோ பேர்."

நாஜியா மதாம் விதாத்தைத் திரும்பிப் பார்த்தார். இங்கே ரோடு இல்லை. விதாத் அந்தத் தள்ளுவண்டியைக் கண்ணால் காட்டினாள். மனசுக்குள் ஒரே ஓட்டம்: இவர் நல்ல வண்டிதான் என்று சொல்லிவிட்டால்? பெரியவர், பண்பான மனுஷர், மருத்துவமனைப் பொருளைக் குறை சொல்லக் கூடாது என்று நினைத்துவிட்டால்?

"இந்தப் படுக்கை எப்படி இருக்கு, ஹாஜி?" என்றார் நாஜியா மதாம். "இதுக்குப் பத்துக்கு எத்தனை கெட்ட மார்க் போடலாம்?"

ஹாஜி தொப்பி சரிகிற வேகத்தில் தலையைத் தூக்கினார்.

"இதுவா? இதைச் செஞ்சவனை இதுலயே ஒரு நாள் படுக்க வைக்கணும்! ஒன்பது! இவனுங்க தள்ளும்போது பத்து! என் கழுதை இதைவிட ஆயிரம் மடங்கு மேல், அதுமேலயே என்னை எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்!"

மகன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டாக்டர் ஷெத்லி சிரித்துவிட்டார். நாஜியா மதாம் மட்டும் சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பி என்ன மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தார். பிறகு வேகமாக நடந்து போய் அவசரப் பிரிவு டாக்டரைக் கையோடு அழைத்து வந்தார். ஹாஜிக்கு ஊசி போட்டு முடிக்கும் வரை அங்கேயே நின்றார். குழு அறைக்குத் திரும்பும்போது மாடிப்படியில், யாரிடமும் சொல்லாததுபோல, "இருபது வருஷமா எல்லாரையும் ரெண்டுன்னே எழுதிட்டு இருந்திருக்கோம்," என்றார்.

மேலே வந்ததும் எந்த மருந்து என்ற பேச்சு தொடங்கியது. இப்போது எல்லோரும் ஐன் ரீஹானைப் பார்த்துக் கேட்டார்கள்.

"மூச்சுல இழுக்கிற வாயு சிலிண்டர் வச்சுக்கலாமே," என்றார் நாஜியா மதாம். "ஊசியே வேண்டாம். யாரும் திருடவும் மாட்டாங்க."

"எங்களுக்கு ஆகாது, மதாம். ஜனவரியில கணவாய்ல தண்ணி உறையும். அந்தக் குளிர்ல சிலிண்டருக்குள்ள கலந்திருக்கிற ரெண்டு வாயுவும் தனித்தனியா பிரிஞ்சுடும். அப்படியே வேலை செஞ்சாலும், பையில வைக்கிற சின்ன சிலிண்டர் ஒரு மணி நாப்பது நிமிஷத்துக்கு வராது."

"மார்ஃபின்?" என்றார் டாக்டர் ஷெத்லி. "எல்லாருக்கும் பழக்கமான மருந்து."

"மரத்துலேருந்து விழுந்தவங்களுக்கு உள்ள எங்க ரத்தம் கசியுதுன்னு எனக்குத் தெரியாது, டாக்டர். மார்ஃபின் கொடுத்து ரத்த அழுத்தம் இறங்கினா, மூச்சும் குறைஞ்சா, பின்னால நான் ஒருத்திதான். ஒரு கையில முகமூடி, ஒரு கையில காத்துப் பை. சொட்டு மருந்தைத் திறக்க மூணாவது கை எனக்கு இல்லை." தன் குரல் நடுங்கவில்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். "கெட்டமின் ஊசி கொஞ்சமா கொடுத்தா அழுத்தம் விழாது, மூச்சும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சில பேருக்கு விசித்திரமா கனவு வரும். கனவு வந்தா நான் கையைப் பிடிச்சுப் பேசிச் சமாளிச்சுக்குவேன். அதுக்கு ரெண்டு கை போதும்."

"டாக்டரைக் கேக்காம கொடுக்க முடியாதே. கணவாய்ல சிக்னல் இருக்கா?" என்றார் நாஜியா மதாம்.

"இருபது நிமிஷத்துக்குச் சுத்தமா இல்லை. அதனால விழுந்த இடத்துலேருந்தே கூப்பிட்டு, அளவு கேட்டு, கொடுத்துட்டுத்தான் வண்டியில ஏத்தணும். ஏத்தறதுலயே பாதி வலி இருக்கு."

டாக்டர் ஷெத்லி பேனாவை மூடினார். மேலே வந்து உட்கார்ந்த பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

மருந்து கெட்டமின் என்று முடிவாயிற்று. பெட்டிகளைப் பற்றி முடிவெடுக்க இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றார்கள். ஒன்பது நிலையங்களும் அந்த வாரம் முழுக்கப் புதிய கேள்வியைக் கேட்டு எண்களை மறுபடி அனுப்ப வேண்டும். எல்லா நிலையங்களின் எண்களும் ஏறின. தூரமும் வலியும் சேர்த்துப் பார்த்தபோது பட்டியலில் முதலில் நின்றது ஐன் ரீஹான். புதிய படிவத்தில் வலி என்ற கட்டத்துக்குக் கீழே ஒரு சின்னக் குறிப்பு அச்சாகி வந்தது: "ரோடு, படுக்கை, அல்லது கையில் கிடைக்கும் வேறு எதையாவது பற்றிக் கேட்கவும்." அந்தப் படிவத்தின் முதல் பிரதியை மெஹ்ரேஸ் வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே சொருகி வைத்தார். தன் கையால் ஓரத்தில் ஒரு வரியும் சேர்த்திருந்தார்: ஓட்டுநர் பொறுப்பல்ல.

பெட்டி டிசம்பர் இரண்டாவது வாரம் வந்தது. ஒரு காலணிப் பெட்டி அளவுதான் இருந்தது. இரண்டு பூட்டு, ஒரு சாவி விதாத்திடம், ஒன்று மெஹ்ரேஸிடம். நிலையத்துக்கு எதிரே ரொட்டி அடுப்பு வைத்திருக்கும் பெண்மணி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை ஓட்டம் ஓடினே?" என்றாள். ஆனாலும் தன் மகளை அனுப்பிச் சூடாக நான்கு ரொட்டியும் ஒரு கிண்ணம் புது ஆலிவ் எண்ணெயும் கொடுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மதியம் அது திறந்தது. காட்டுப்பன்றி விரட்டப் போன ஹம்மூதா பள்ளத்தாக்கில் சறுக்கிக் கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பும் முறிந்து கிடந்தான். சுற்றிலும் வேட்டைக்காரர்கள். முப்பது வயது, முரட்டு ஆள், மூக்கின் நுனி வெளுத்திருந்தது.

"லாபாஸ்?"

"லாபாஸ், ஹம்துலில்லா. பன்றிக்கும் லாபாஸ், அது ஓடிப்போச்சு."

"இந்தப் பாறைக்கு எத்தனை மார்க், ஹம்மூதா?"

"பாறைக்கா? ஒன்பது! இதுமேல விழறதுக்குப் பதிலா பன்றி மேலயே விழுந்திருக்கலாம்."

விதாத் அங்கிருந்தே டாக்டரைக் கூப்பிட்டு, அளவைக் கேட்டு, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, இரண்டு சாவியும் போட்டுத் திறந்து, மெதுவாக ஏற்றினாள். சில நிமிடம் கழித்து ஹம்மூதாவின் தோள்கள் தளர்ந்தன. மேகங்கள் சிவப்பாக இருக்கின்றன என்றான். இருக்கட்டும், நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்றாள் அவள். காலை நேராக்கிக் கட்டையில் கட்டும்போது அவன் பன்றியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான்.

கணவாய் தாண்டி மோசமான பள்ளங்களில் வண்டி இறங்கியதும் அவள் கேட்டாள். "இப்ப ரோடு எத்தனை?"

ஹம்மூதா கண்ணைத் திறந்து ஆம்புலன்ஸின் கூரையைப் பார்த்தான். யோசித்தான்.

"மூணு," என்றான். "லாபாஸ்."

விதாத் நோட்டில் எழுதினாள். பாறை ஒன்பது, ரோடு மூன்று, நாடி எண்பத்தெட்டு. இது ஒரே ஒரு ஆள்தான், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அந்த மூன்றுக்கு அடியில் கோடு போட்டாள்.

நகரத்து மருத்துவமனை வாசலில் வண்டியைவிட்டு இறங்கியதும் மெஹ்ரேஸ் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எத்தனை?"

"மூணு, அண்ணே."

மெஹ்ரேஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். அந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த பெருமையை விதாத் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"மருந்து பாதி," என்றார். "மீதி நான் ஓட்டினது. குழுவுக்கு எழுதறப்ப மறந்துடாத."